காயாத பிள்ளை

மெங்கே காயவில்லை.

ஒயானே நான்காவது முறையாக மகளின் தலையைத் துவட்டினாள். துண்டைப் பிழிந்த தண்ணீரில் யானை ஒன்றைக் குளிப்பாட்டிவிடலாம். அப்படியும் அந்த ஏழு வயதுத் தலையிலிருந்து ஒரு சொட்டு, மறுபடி ஒரு சொட்டு. வீடெல்லாம் அழுகிய இலையின் வாடை.

மார்ச் மாதமாக இருந்தால் கவலையே இல்லை. காபோன் நாட்டில் அப்போது பெய்கிற மழையின் இரைச்சலில், ஒருவன் ஆரம்பித்த பேச்சை மே மாதக் கடைசியில்தான் முடிக்க முடியும். ஆனால் இது ஜூலை. சட்டி மூடியைப் போல் சாம்பல் வானம் கவிழ்ந்து கிடக்கும். வெயிலும் வராது, நிழலும் விழாது, பொட்டு மழை கிடையாது. காட்டோடை இளைத்துப்போகும் இந்த நாட்களில்தான் பெண்கள் அதன் குறுக்கே மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மண்ணணை கட்டி, நடுவில் நிற்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, சேற்றில் துள்ளும் கெளுத்தியைப் பொறுக்குவார்கள்.

இன்று காலை ஒயானேயும் நாத்தனார் பிலோகேயும் அதைத்தான் செய்தார்கள். மெங்கே கரையோர வேர்களுக்கடியில் தோள்வரை கையை விட்டு மீன் தேடிக்கொண்டிருந்தாள். நடுப்பகலில், காட்டுக்குள்ளிருந்து இலை இலையாக மழை நடந்து வரும் சத்தம் கேட்டது. ஜூலையில்! கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடத் திரும்பிய ஒயானேயின் கழுத்தை இரண்டு சின்னக் கைகள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டன. திரும்பிப் பார்க்க எங்கே நேரம்? முதுகில் சுமந்தபடி ஓடிவந்தாள். அரை மணி நேர வழி. வழி முழுக்கத் தரை காய்ந்தே கிடந்தது.

"என்ன அண்ணி, பொண்ணப் பெத்தியா, ஊத்துத் தண்ணியப் பெத்தியா?" என்று சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்த பிலோகே, தரையில் தேங்கியிருந்ததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "மேலணைய ஒடச்சுட்டுத்தானே வந்த?"

"நீ ஒடச்சிருப்பேன்னுல்ல நெனச்சேன்!"

"நாந்தான் முன்னாடியே ஓடிட்டேனே! ஓடைய அடைச்சு வெச்சுட்டு வந்தா அது வீடு தேடி வரும்னு தெரியாதா உனக்கு? போ அண்ணி. இப்பவே போய் ஒடை. இவள நான் பாத்துக்கறேன்."

மெங்கே வாயைத் திறந்தால் ஊர்க் கிளிகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. காலையில் கட்டிவிட்ட சிவப்பு மணிச்சரம் மணிக்கட்டில் இல்லை. ஓடிவரும்போது அறுந்து விழுந்திருக்கும். ஒயானே குனிந்து மகளின் நெஞ்சில் காதை வைத்தாள்.

துடிப்பு இல்லை. சலசலப்பு. கல்லின் மேல் ஓடுகிற தண்ணீரின் சலசலப்பு.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

என் பிள்ளையை விட்டுவிடு, விட்டுவிடு என்று ஒவ்வொரு மரத்திடமும் கெஞ்சிக்கொண்டு, முட்கள் காலைக் கிழிப்பது தெரியாமல், பூச்சிகள்கூட வாயடைத்துப்போன காட்டுக்குள் ஓடினாள். மேலணை அப்படியே நின்றது. அதன் பின்னால் தண்ணீர் விளிம்புவரை ஏறி, அசையாமல் காத்திருந்தது. கீழே வெறும் சேற்றுப்பள்ளம்.

வேருக்கடியில் ஏதோ துள்ளியது. கெளுத்தி.

ஒரு வெட்டு. மறுபடி துள்ளல். முனகல் போல ஒன்று. காற்றாக இருக்கும். அடுத்த வெட்டு. நகம் பிய்ந்தது. கையாலேயே மண்ணைத் தோண்டினாள். அணை விரிசல் விட்டது. உடைந்தது. தண்ணீர் பள்ளத்துக்குள் பாய்ந்தது.

"அப்பாடா," என்றாள்.

அப்போதுதான் வேருக்கடியிலிருந்து அது எழுந்தது. சேறு பூசிய ஒரு சின்னக் கை.

மணிக்கட்டில் சிவப்பு மணிகள்.

குதித்தாள். பிடித்தாள். அந்த விரல்கள் இவள் விரலை இறுக்கிப் பிடித்தன. சூடாக இருந்தன. உயிரோடு. இழுத்தாள். வேர் விடவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

பின்னால், அரை மணி நேர வழியை ஒரு நொடியில் கடந்து வந்த குரல், குதூகலமாக:

"அம்மா! நான் காஞ்சுட்டேன்!"