பெட்டிக்குள் ஒன்பது வயது எலும்பு

போன் அலறியது.

ஆஸ்பத்திரி போலீஸ் பூத். மாற்றலாகி வந்து நாலே நாளான ஏட்டு எடுத்தார்.

"சார்... ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து ஒருத்தன் பெட்டியோட ஓடினான்! பின்கேட் வழியா! அரைமணி ஆச்சு, ஆளையே காணோம்! உள்ளே என்ன தெரியுமா? ஒரு குழந்தையோட கால் எலும்பு!"

"யோவ், நீ யாரு?"

டொக்!

ஏட்டு ஓடினார். தொந்தி முன்னால் ஓடியது. அவர் பின்னால் போனார்.

பின்கேட்... பச்சை உடை, முகமூடி, மார்போடு அணைத்த ஸ்டீல் பெட்டி. சாலையைக் கடந்து பாய்ந்து வந்தவனை மடக்கினார்.

"திற!"

"ஐயா, நான் தியேட்டர் டெக்னீஷியன். எலும்புதான்... விடுங்க, திரும்பக் காலுக்குள்ள வைக்கணும்!"

"எடுத்ததைத் திரும்ப வைப்பாங்களா? யார் காதுல பூ சுத்துறே?"

"ஒன்பது வயசுப் பொண்ணுங்கய்யா. எலும்புல கேன்சர். முன்னெல்லாம் காலையே எடுத்துடுவாங்க. இப்போ கெட்ட எலும்பை மட்டும் வெட்டியெடுத்து, எதிர் பில்டிங்ல கதிர்வீச்சு கொடுத்து, கேன்சரைக் கொன்னுட்டு, அதையே திருப்பிப் பொருத்துறோம். புள்ள மயக்கத்துல, திறந்த காலோட கிடக்கு!"

"திறந்து காட்டு. நம்புறேன்."

"திறந்தா கிருமி புகுந்துடும். அப்புறம் காலே போயிடும்! டாக்டரைக் கேளுங்க!"

டாக்டருக்குப் போன் அடித்தார். ஸ்விட்ச் ஆஃப்.

தியேட்டருக்கு அடித்தார். பிஸி.

ரிசப்ஷன்... காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு!

"சே! இந்த ஆஸ்பத்திரியில மனுஷங்களே கிடையாதா?"

"அதைத்தான் நானும் பன்னிரண்டு வருஷமா கேக்குறேன்!"

ஏட்டின் கை மூடிக்குப் போனது. டெக்னீஷியன் பெட்டிமேல் கவிழ்ந்துகொண்டான்.

"என்னை அடிங்க... லாக்கப்ல போடுங்க... இதைத் தொடாதீங்கய்யா! கும்பிடுறேன்!"

கை நின்றது.

திருடியவன் வெளியே அல்லவா ஓடுவான்? இவன் உள்ளே ஓடி வந்தானே...!

"ஓடுய்யா!"

இருவரும் ஓடினார்கள்.

தியேட்டர் கதவில் நர்ஸ் சீறினாள். "எங்கேய்யா தொலைஞ்சே?"

பெட்டி உள்ளே போனது. அவனும்தான். கதவு மூடியது.

ஏட்டு சுவரில் சாய்ந்தார். "போன் பண்ணின படுபாவி மட்டும் கையில கிடைச்சான்..."

"நான்தான் சார்."

பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"அது என் பொண்ணு சார். 'எலும்பு பத்திரம்'னு நர்ஸ் சொன்னது காதுல விழுந்துச்சு. திருடிட்டுப் போறான்னு நெனச்சேன்..."

"உனக்கு யாரும் சொல்லலையா?"

"கையெழுத்து வாங்க அஞ்சு பேர் வந்தாங்க. எதுக்குன்னு சொல்ல ஒருத்தர்கூட வரலை சார்!"

ஒரு நிமிடம்... பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு நிமிடம்... அவ்வளவு பெரிய கட்டடத்தில் அது யாரிடமும் இருக்கவில்லை.

திட்ட வாயெடுத்த ஏட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தனக்குச் சற்றுமுன் கிடைத்த வைத்திய அறிவு முழுவதையும் நிதானமாகச் சொன்னார். இரண்டு தடவை.

மூன்று மணி நேரம். கதவு திறந்தது.

"பொருத்தியாச்சு!" டெக்னீஷியன் முகமூடியை இறக்கினான். "கால் தப்பிச்சது."

அப்பா கடவுளைக் கும்பிட்டான். "ஓடுவாளாய்யா?"

"முதல்ல நடக்கட்டும். மாசக்கணக்காகும்."

"நல்லா ஓடட்டும்யா!" ஏட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பிடிக்கச் சொல்லி எனக்கு மட்டும் போன் பண்ணிடாதே!"