பட்டியலின் முதல் வரி

காலை பதினொன்று முப்பத்தைந்துக்கு சூங் பெய்ரு இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினாள். உள்ளே வெங் டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஷின்சு நகரத்திலுள்ள அவர்கள் நிறுவனத்தின் கணினிகளில் எது காணாமல் போனாலும் தேடிக் கொடுப்பவர் அவர்தான். பக்கத்தில் உதவியாளர் லூ யாச்சி, நாற்காலி நுனியில்.

"உக்காருங்க. மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க," என்றார் வெங்.

பெய்ரு உட்காரவில்லை. "பன்னெண்டு மணிக்கு என் ஒப்பந்தத்தை முறிச்சு மேனேஜர் ஃபாங் கையெழுத்துப் போடறார், வெங் அண்ணே."

ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களுக்குப் புதிய சேமிப்பிடம் வேண்டும். சேமிப்பிடங்களை டெம்ப்ளேட் என்ற மாதிரிக் கோப்பிலிருந்துதான் வார்த்தெடுப்பார்கள். மூன்று வார வேலை. நேற்று மாலை நான்கு மணிக்கு அவள் முடித்து ஏற்றினாள். ஆஸ்பத்திரி விவரங்கள் என்பதால் நகல் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. இன்று பட்டியலில் அது இல்லை.

ஃபாங் ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சலை நீட்டினாள். வெங் வாய்விட்டுப் படித்தார்.

"1140311 என்ற டெம்ப்ளேட் பட்டியலில் இல்லை. பெய்ரு அதைச் செய்யவே இல்லை, அல்லது கவனமின்றி அழித்துவிட்டார்."

"வெளியாள் யாரோ உள்ள பூந்துட்டான்," என்றாள் யாச்சி.

"பூந்தவன் இதை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தூசி தட்டி வெச்சுட்டுப் போனானாக்கும்." வெங் தன் விசைப்பலகையை பெய்ருவின் பக்கம் தள்ளினார். "காலைல எப்படிப் பாத்தீங்களோ அப்படியே பாருங்க."

அவள் கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் பத்து வரிகள் வந்து நின்றன. கடைசி வரி 20250304. போன வாரத்தது.

"கட்டளையோட வால்ல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கே?"

"கடைசிப் பத்தை மட்டும் காட்டுன்னு அர்த்தம். முழுசாப் போட்டா திரை ஓடிடும். புதுசு எப்பவும் கீழதானே வரும். மேனேஜர் ஒட்டி வெச்ச காகிதத்துலயே இப்படித்தான் இருக்கு. எல்லாரும் இப்படித்தான் போடுவோம்."

"உங்க கோப்புக்கு என்ன பேரு வெச்சீங்க?"

"20250311. இங்க தேதிதான் பேரு."

வெங் மின்னஞ்சலை மறுபடி எடுத்துப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"வாலை வெட்டிட்டுப் போடுங்க."

வரிகள் மளமளவென்று ஓடின. நாற்பத்தொன்று.

"மேல போங்க. இன்னும் மேல."

முதல் வரி: 1140311.

பெய்ரு இப்போதுதான் உட்கார்ந்தாள். "அளவு அதேதான். என்னோடதுதான். பேருதான்..."

"நூத்திப் பதினாலு," என்றாள் யாச்சி. "அது ஆஸ்பத்திரிப் படிவத்துல போடற வருஷமாச்சே."

"அரசாங்கக் காகிதம்னா குடியரசு பொறந்ததுலேர்ந்து எண்ணுற வருஷம், 114. கம்பெனிக்குள்ள 2025. நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். மெஷின் முதல் எண்ணைத்தான் பாக்கும், 1 முன்னாடி, 2 பின்னாடி. நேத்துப் பொறந்த உங்க கோப்பு இந்தப் பட்டியல்ல எல்லாத்துக்கும் கிழடு."

பெய்ரு கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு புதன்."

மூவருக்கும் புரிந்தது. புதன்தோறும் நண்பகலில் கணினி தானாகவே பழைய கோப்புகளைத் துப்புரவு செய்யும். நாற்பதுக்கு மேல் போனால் முதல் வரியிலிருந்து அழிக்கும். மணி பதினொன்று நாற்பத்தாறு.

பழைய பெயரைத் திருப்பி வைக்க அவள் தட்டினாள். ஓர் எழுத்து பிசகியது. அழித்துவிட்டுத் தட்டினாள். மறுபடி பிசகியது. யாச்சி எதுவோ சொல்ல வாயெடுத்தாள், வெங் கையமர்த்தினார். மூன்றாம் முறை திரை ஏற்றுக்கொண்டது. பட்டியலைப் போட்டாள். கடைசி வரி 20250311. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

"ஒரு நிமிஷம்," என்று வெங், யார் எப்போது எதை மாற்றினார் என்று கணினி குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து எதையோ படித்தார். பிறகு எழுந்தார். "வாங்க, மேல போவோம்."

ஃபாங் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் கடிதம். பேனா மூடி கழன்றிருந்தது.

"கோப்பு இருக்கு மேனேஜர்," என்றார் வெங். "எப்பவும் இருந்துச்சு. பெய்ரு வெச்ச பேரு 2025-ல ஆரம்பிக்குது. அவங்க யாருக்கும் 114-ன்னு சொல்லலை. அந்த எண்ணு உங்க மின்னஞ்சல்ல மட்டும்தான் இருக்கு. ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பினதும் நீங்கதான். படிவமும் பேரும் ஒத்துப் போகட்டும்னு மாத்தியிருக்கீங்க. நேத்து சாயங்காலம் ஆறு நாப்பது. பதிவுல உங்க பேரு இருக்கு."

ஃபாங் சாப்பிடும் குச்சிகளைப் பெட்டியின் மேல் குறுக்கே வைத்தார்.

"நாள் பூரா படிவம் எழுதி எழுதி... கை தானாப் போயிடுச்சு. காலைல பட்டியலோட கடைசில பாத்தேன், இல்லை. அவ்வளவுதான்." கடிதத்தை நான்காக மடித்தார். "இது வேண்டாம், பெய்ரு. போ. சாப்பிட்டியா?"

பெய்ரு நகரவில்லை. அவள் குரல் தாழவில்லை.

"பேரை மாத்தினது நீங்கதான்னு உங்களுக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு, மேனேஜர்? இப்பவா, அந்த மின்னஞ்சல் எழுதின ஒன்பது மணிக்கேவா?"