ஓதச் சுவர்

லாரி வந்து நின்றபோது மதியம் ஒரு மணி. தெருவில் நிழலே இல்லை. என் மனைவி இறங்கினாள். வாயைத் திறந்து காற்றை ஒரு மிடறு தண்ணீர்போல உள்ளே இழுத்தாள்.

"வலிக்கல," என்றாள்.

இருபது வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுக்கு இழுப்பு. கடலோர ஊரில் இருந்தோம். மழை மாதங்களில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெஞ்சு டாக்டர் கடைசியில், "மருந்தை ஏத்திக்கிட்டே போய்ப் பிரயோஜனமில்ல, ஊரை மாத்துங்க," என்றார். எந்த ஊருக்கு என்று அவர் சொல்லவில்லை. அது எங்கள் பாடு.

அவள் அதை முறையாகச் செய்தாள். வெளியூர் இரண்டைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பத்து நாள் தங்கினாள். அவளிடம் ஒரு மீட்டர் உண்டு. கையளவு பிளாஸ்டிக் குழல். ஊதினால் பக்கத்திலுள்ள சிவப்பு முள் நகர்ந்து மூச்சின் பலத்தை எண்ணாகக் காட்டும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஊத வேண்டும், உடனே குறித்துக்கொள்ள வேண்டும். கடலோரத்தில் இருநூற்றுப் பத்து. மலை ஊரில் குளிர்; நூற்றுத் தொண்ணூறு. இந்த வறண்ட ஊரில் முந்நூற்றுப் பத்து. நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"மூச்சு விடுறதுக்கு இவ்வளவு தூரம் போறவளை இப்பத்தான் பாக்கறேன்," என்றாள் அவளுடைய அக்கா. "இங்க நாங்கல்லாம் என்ன செவுள்லயா மூச்சு விடுறோம்?"

"உன் வாயைப் பாத்தா அப்படித்தான் இருக்கு," என்றாள் இவள்.

நான் பெயிண்டர். எந்த ஊரிலும் சுவர் இருக்கும். கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்காரர் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "நான் இழுப்புக்காரங்களுக்குத்தான் வீடு குடுக்கறது. இந்த ஊர்க் காத்து அப்படி. ஒரு புண்ணியம்னு வெச்சுக்கங்க."

இரண்டு அறை, சமையலறை, பின்பக்கம் ஒரு முற்றம். படுக்கையறைக்குள் நுழைந்ததுமே பெயிண்ட் வாசனை வந்தது. மூன்று சுவர்களில் சாதாரண வெள்ளை. கட்டிலை ஒட்டிய நான்காவது சுவரில் மட்டும் எனாமல். கண்ணாடிபோல் மின்னியது.

படுக்கையறைச் சுவருக்கு எனாமல் யாரும் அடிக்க மாட்டார்கள். சுவரில் ஊறும் ஈரத்தை, ஓதத்தை, மறைக்க நினைப்பவர்கள் அடிப்பார்கள். ஆறு மாதம் தாங்கும். வாடகைக்கு ஆள் வந்துவிடும். எனக்குத் தெரியும். நான் அடித்திருக்கிறேன், எத்தனையோ வீடுகளில்.

சுவரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் பனி பூத்தால் அது அறையின் ஈரம். உள்பக்கம் பூத்தால் சுவரின் ஈரம். தாள் என் பையில்தான் இருந்தது.

எடுக்கவில்லை. அவள் ஜன்னலருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று. வறண்ட ஊர்தானே என்று நினைத்தேன்.

ஊரைப் பார்த்தோம். சுவரைப் பார்க்கவில்லை. அவள் பார்க்கவில்லை என்பதுதான் சரி. நான் பார்த்தேன்.

முதல் நாள் காலை முந்நூற்றுப் பத்து. நாலாம் நாள் இருநூற்றுத் தொண்ணூறு. இரண்டாம் வாரம் இருநூற்று நாற்பது. மருந்துக்கடைக்காரர், "புது ஊரு, உடம்பு பழகணும்," என்று சொல்லி இன்னும் வீரியமான இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்தார்.

"ஊர்மேல குத்தமில்லங்க," என்றாள் அவள். "தெருவுல நடந்தா மூச்சு வருது. உள்ள வந்தா போகுது."

நான் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் மதியம் வேலையிலிருந்து வந்து கட்டிலில் படுத்தேன். கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் இழுப்புச் சத்தம் கேட்டது. ஈரத்துணியை யாரோ மெல்லப் பிழிவதுபோல. அதன் மேல் மெலிதாக ஒரு விசில். பழகிய சத்தம்தான்.

"மருந்து இழுத்தியா?" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. அவள் அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப். மூன்றாவது உடைந்திருந்தது, அதைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

சுவரிலிருந்து வந்தது.

எழுந்து காதை வைத்தேன். எனாமல் குளிர்ந்திருந்தது. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே, ஒரு விரற்கடை தூரத்தில், யாரோ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஊறிய பஞ்சின் வாடை அடித்தது. மருந்தின் வாடையும்.

அன்றைக்குத்தான் தாளை எடுத்து ஒட்டினேன்.

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தேன். ஓதம் என்றால் தாள் முழுக்கப் பூத்திருக்கும். இது அப்படி இல்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு வட்டம். கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்.

வட்டம் சுருங்கியது.

விரிந்தது.

சுருங்கியது.

"எத்தனை நாளா பாத்துக்கிட்டிருக்கீங்க இதை?" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

அவள் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து வட்டம் விரிவதை எண்ணினாள். ஒரு நிமிஷம் ஆயிற்று.

"முப்பத்தாறு," என்றாள் மெதுவாக. "இது கடைசிக்குக் கிட்ட. பொம்பளை."

"எப்படிச் சொல்றே?"

"சத்தத்தை அடக்கி அடக்கி இழுக்கிறா, கேக்கலையா? பக்கத்துல தூங்கறவங்களை எழுப்பிடக் கூடாதுன்னு. நான் இருபது வருஷமா அப்படித்தான் இழுக்கறேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"இந்தச் சுவர் உங்களுக்குத் தெரியும்," என்றாள். அது கேள்வி இல்லை.

"தெரியும்."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே."

அவள் முகம் மாறியது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"சுரண்டுங்க," என்றாள்.

அன்று காலை அவளுடைய எண் நூற்று அறுபது. அவளை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் அனுப்பிவிட்டு மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். சுரண்டியை வைத்து அழுத்தினேன். எனாமல் தோல்போல உரிந்து வந்தது. அடியில் பட்டிப் பூச்சு. அது மாவாகக் கொட்டியது. அதற்கடியில் கறுப்பு. சுவர் முழுக்கப் பூஞ்சணம், ஈரமாக, ரோமம்போல.

கறுப்பைத் துடைத்தேன். பழைய பச்சைப் பெயிண்ட் தெரிந்தது. அதன்மேல் பென்சிலில் எண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக.

300. 285. 270. 220.

கடைசி எண் 90.

கொஞ்சம் தள்ளிச் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் மஞ்சள். மஞ்சளின்மேல் வேறு கையெழுத்து, பேனாவில். மேலே 320. கீழே 80.

மஞ்சளுக்கு அடியில் நீலம். கரியால் எழுதியிருந்தது. கைநடுக்கம் தெரிந்தது. அந்த வரிசையின் கடைசியில் எண் இல்லை. ஒரு கோடு மட்டும் தொடங்கி, சரிந்து, கட்டில் உயரம்வரை இறங்கியிருந்தது.

சுவர் முழுக்க மூச்சு இரைந்தது.

ஒன்றல்ல.

கதவில் அவள் நின்றாள். சொல்லச் சொல்லக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டாள். எண்களை மேலிருந்து கீழே படித்தாள்.

"எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எழுதணும்ல," என்றாள். "நோட்டு எட்டலைன்னா சுவர்தான்."

அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு நீலமானது. தோளைக் குறுக்கிக்கொண்டு கட்டில் விளிம்பைப் பிடித்தாள். அவள் இழுப்பும் சுவரின் இழுப்பும் ஒரே தாளத்தில் சேர்ந்தன. தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். அவள் உடம்பில் எடையே இல்லை.

தையல்காரம்மா மெஷினை ஒதுக்கி அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். இன்ஹேலரை இரண்டு தடவை, நாலு தடவை அழுத்தினேன். வெயிலும் காற்றும் நேராக வந்தன. கால் மணி நேரத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது.

"அந்த வீட்டுக்கு மூணு பேர் வந்தாங்க," என்றார் தையல்காரம்மா, கதவைப் பார்த்துக்கொண்டே, கிசுகிசுப்பாக. "ஒருத்தரும் நடந்து போகல."

"ஏன் சொல்லல?"

"சொல்லிட்டு? இந்த வீடும் அவரோடதுதான். என்னைக் காலி பண்ணச் சொன்னா மெஷினைத் தலையில தூக்கிட்டு எங்க போவேன்?"

அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன்.

மருந்துக்கடைக்காரரை இழுத்துவந்து சுவர்முன் நிறுத்தினேன். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பின்னால தண்ணித்தொட்டி இருக்கு, சுவரோட சேத்துக் கட்டினது. இந்த ஊர்ல தண்ணியை எப்பவும் ரொப்பித்தான் வெச்சிருக்கணும். கொஞ்சம் கசியத்தான் செய்யும்," என்றார்.

"மூணு பேரு."

"சீக்காளிங்க சார். சீக்கோடதானே வந்தாங்க?"

"எண்ணைப் பாருங்க. வரும்போது முந்நூறு."

அவர் எண்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க பெயிண்டர்தானே? சுவரைப் பாத்துத்தானே வந்தீங்க? உங்களை மாதிரி ஒருத்தர்தான் அடிச்சுக் குடுத்தாரு. நல்ல வேலைக்காரர். வெளிய எதாவது தெரிஞ்சுதா சொல்லுங்க."

"உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன?"

அறை முழுக்க இரைந்துகொண்டிருந்தது. அவர் நிஜமாகவே கேட்காதவர்போலக் காதைத் தேய்த்தார்.

"சுரண்டினவர் நீங்க. நீங்களே ஒரு கோட்டிங் அடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க," என்றார்.

அடித்துக் கொடுத்தேன். உள்ளே இல்லை. தெருப்பக்கச் சுவரில். பெரிய பிரஷ், கறுப்பு எனாமல். மூன்று வரிசை எண்கள், ஆள் உயரத்துக்கு. மூன்றாவது வரிசையின் கீழே அந்தச் சரிந்த கோட்டையும் இழுத்தேன். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. எண் தெரியும். தெருவே நின்று பார்த்தது. மருந்துக்கடைக்காரர் போலீஸ் என்றார், வக்கீல் என்றார். நான் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே கடிகாரம் பழுது பார்ப்பவரின் கடைக்கு மேலே ஒரு மாடி அறை கிடைத்தது. நாலு பக்கமும் வெயில். நாலு சுவரிலும் தாள் ஒட்டிப் பார்த்த பிறகுதான் அவளை ஏற்றினேன். ஒரு துளி இல்லை. மாதக் கடைசியில் அவளுடைய எண் முந்நூறு.

"இங்கேயே இருந்துடலாம்," என்றாள். அது மட்டும்தான் சொன்னாள். மற்றதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

தாளைத் துடைத்து, வெயிலில் காய வைத்து, மடித்துப் பையில் போட்டிருந்தேன்.

போன வாரம் இன்னொரு தெருவில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரம்மா அவசரத்தில் இருந்தார். படுக்கையறையில் ஒரு சுவரைக் காட்டினார்.

"நாளைக்குக் குடித்தனம் வருது. புருஷன் பொண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு இழுப்பாம், ஊர்க் காத்துக்காக வர்றாங்க. இந்தச் சுவருக்கு மட்டும் எனாமல் அடிச்சுடுங்க. பளிச்சுனு இருக்கட்டும்."

"முதல்ல சோதிக்கணும்மா."

"எதுக்கு? தொட்டுப் பாருங்க, காஞ்சுதான் இருக்கு."

பையைத் திறந்தேன். மடித்த தாள் கைக்கு ஈரமாகப் பட்டது.

பிரித்தேன். மூன்று வட்டங்கள்.

தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். விலகி நின்றேன்.

வட்டங்கள் சுருங்கின. விரிந்தன.

"என்ன இது, தாள்ல அழுக்கா?" என்றார் அந்த அம்மா.

"துடைச்சுப் பாருங்க."

அவர் துணி எடுத்துவந்து துடைத்தார். இன்னும் அழுத்தித் துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். அது காய்ந்திருந்தது.

"போக மாட்டேங்குதே?"

"அது உள்பக்கம்," என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. அப்போதுதான் அவருக்கும் சத்தம் கேட்டது என்று நினைக்கிறேன்.

மூன்று வட்டங்களுக்குக் கீழே, ஒரு குழந்தையின் வாய் உயரத்தில், நான்காவது பூக்கத் தொடங்கியது.