பெரியப்பா இளைத்த நாள்

டெலிபோன் அலறியது.

"சார்... பெரியப்பா போயிட்டாரு!"

கீழ்த்தளத்திலிருந்து ஆபரேட்டர் பெண்ணின் குரல். ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது.

சோதனை அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"எப்படிம்மா?"

"லிஃப்ட் நிக்கவே இல்ல சார்... நேரா குழிக்குள்ள! வயிறு கிழிஞ்சு தரையெல்லாம் மணல்!"

பெரியப்பா, மணல் அடைத்த பொம்மை.

அவர்கள் இருந்த உயரமான லிஃப்ட் சோதனைக் கோபுரத்தின் வேலையே அதுதான். நன்றாக ஓடும் லிஃப்டில் வேண்டுமென்றே ஒரு பழுதை வைப்பார்கள். பெரியப்பாவை ஏற்றி அனுப்புவார்கள். லிஃப்டை ஓட்டிக் காவல் காக்கும் மென்பொருள் பழுதைக் கண்டுபிடித்து லிஃப்டை நிறுத்தினால் பாஸ்!

எதிரே இருந்தவர் டீ கிளாஸை வைத்தார். அதிகாரியின் தங்கை கணவர். அந்த மென்பொருளைத் தயாரித்தவர். அது பாஸ் என்று கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

"நீங்க வச்ச பழுது ஓவர் மச்சான்."

"தினமும் வைக்கிற அதே பழுதுதான் மாப்ளே. நேத்து வரைக்கும் பெரியப்பா பத்திரமா இறங்கினாரு."

"அப்ப இன்னிக்கு என்ன மாறிச்சு?"

"பெரியப்பா இளைச்சுட்டாரு."

"என்னது?"

"காலைல வயித்துலேர்ந்து கொஞ்சம் மணலை அள்ளிட்டேன்."

அதிகாரி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க சாஃப்ட்வேர் எடையை வச்சு பெரியப்பாவை அடையாளம் கண்டுக்குது. அவர் ஏறினா மெதுவா, பொறுப்பா கூட்டிட்டுப் போகுது. மத்தவங்க ஏறினா... பழுதைக்கூடப் பாக்காம கண்ணு மண்ணு தெரியாத ஓட்டம்!"

"வேகமா ஓடினாத்தான் மச்சான் விக்கும்!"

வாய் தவறி வந்துவிட்டது. உடனே சுதாரித்தார்.

"அதாவது... இதெல்லாம் உங்க ஊகம். ஆதாரம் கிடையாது. நாளைக்கு இதே சாஃப்ட்வேர் ஓடப்போற ஆஸ்பத்திரி திறக்குது. இந்த ஆர்டர் போச்சுன்னா உங்க தங்கச்சி நடுத்தெருவுலதான் நிப்பா!"

அதிகாரிக்கு அலுப்பாக இருந்தது. நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் ஏறும். ஸ்ட்ரெச்சரில் ஒரு எடை இருக்கும். அது பெரியப்பாவின் எடையாக இருக்காது.

எழுந்து போய்ப் பக்கத்து லிஃப்டின் கதவைத் திறந்தார்.

"இதுலயும் உங்க சாஃப்ட்வேரை ஏத்தியிருக்கேன். அதே பழுதும் வச்சிருக்கேன். ஏறிக் கீழ போங்க. பின்னாலேயே வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

"நானா?"

"நம்பிக்கை இருக்குல்ல?"

மாப்பிள்ளை லிஃப்டின் தரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்ல மச்சான்... டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்காரு."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அதிகாரியின் செல்போன் சிணுங்கியது. தங்கை! அவர் எடுக்கவில்லை. என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

"சார்!" ஸ்பீக்கர் கீச்சிட்டது. எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "பக்கத்து லிஃப்ட்லயா பழுது வச்சீங்க? காலைல நான் அதுலதானே சார் மேல வந்துட்டு இறங்கினேன்!"

"பயப்படாதம்மா. அதுல ஓடுறது நம்ம பழைய சாஃப்ட்வேர். பழுதே வைக்கல. ஏறியிருந்தா சொகுசா இறங்கியிருப்பாரு."

"அடக் கடவுளே!... அப்ப ரிப்போர்ட்ல என்ன சார் எழுதறது?"

அதிகாரி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"தயாரிச்சவரே படியில இறங்கிட்டாருன்னு எழுதும்மா!"