முன்னும் பின்னும் ஒன்றே

கட்டளைகள் ஐந்து. நுழை, நிறுத்து, ஓரடி, ஓரடி, வெளியேறு. பியூலா அவற்றைக் கறுப்புத் திரையில் வரிசையாகத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். காதுக்குப் பின்னால் பதித்திருந்த செவிமுனை என்ற சிறு துளையில் செருகியிருந்த கம்பி லேசாகச் சூடேறியது. அவள் நினைப்பு பாதியில் நின்றது. பிறகு ஓர் அடி நகர்ந்தது, இன்னோர் அடி நகர்ந்தது, பழையபடி ஓடத் தொடங்கியது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது: முன்னும் பின்னும் ஒன்றே.

அந்த வரியைப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம்.

பல்லுக்கு வைத்தியம் பார்ப்பதுபோல மனசுக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் காலம் அது. யாருக்காவது தீராத பயமோ, விடாத சந்தேகமோ இருந்தால், தூத்துக்குடி மனச்சீர் மையத்துக்கு வந்து செவிமுனையைக் காட்டுவார்கள். உள்நோக்கி என்ற மென்பொருள் அதன் வழியே நுழைந்து, ஆளை நிறுத்தி, நினைப்பை அடி அடியாக நடக்கவிட்டு, கோளாறு எந்த அடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும். அதற்குப் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத வேண்டியதுதான்.

நுழைந்ததும் உள்நோக்கி ஒரு காரியம் செய்யும். அந்த ஆளின் எதிரொலியைத் தணிக்கும். நாம் நினைக்கிற ஒவ்வொன்றின் நகலும் நமக்கே திரும்பி வருகிறது. 'இது மனசுக்குள் நினைத்தது, இது வாயால் சொன்னது' என்று நமக்குப் பிரித்துக் காட்டுவது அந்த நகல்தான். அது ஓங்கி ஒலித்தால் உள்நோக்கிக்குத் தன் கேள்வி எது, நோயாளியின் பதில் எது என்று குழம்பிவிடும். ஆகவே தணித்துவிட்டு வேலை பார்க்கும். வெளியேறும்போது எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். வைத்ததா என்று பார்க்கிறவள் பியூலா. மீட்புச் சோதகர் என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. சோதிக்க ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆளும் அவளேதான். பதினோரு ஆண்டுகளில் ஐயாயிரம் தடவைக்கு மேல் உள்நோக்கி அவளுக்குள் போய் வந்திருந்தது.

கூடத்தில் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். எல்லோர் காதிலும் ஹெட்போன் இருந்தது. வேலையில் சேரும் நாளிலேயே அட்டையோடு அதையும் கொடுத்துவிடுவார்கள். கூடத்தில் இரைச்சல் அதிகம் என்பது காரணம். பக்கத்து மேசைக்காரரிடம் பேனா கேட்பதானாலும் திரையில் எழுதித்தான் கேட்பார்கள். பியூலாவுக்கு அது பழகிப்போயிருந்தது, பிடித்தும் இருந்தது.

அன்று வியாழக்கிழமை. மேலாளர் சங்கரநயினாரிடமிருந்து திரையில் செய்தி வந்தது. 'ஒன்பதாம் பதிப்புக்கு நாளைக்குள் உங்கள் கையெழுத்து வேண்டும். தொண்ணூறு ஊர்களுக்குப் போகிறது.' சரி என்று எழுதிவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் அவளுக்கு வேறொரு கவலை காத்திருந்தது. அவள் கணவன் செல்வின் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வடம் அறுந்து அவன் படகில் ஒருவர் செத்துப்போனார். அதிலிருந்து அவன் முகம் சரியில்லை. தூக்கமில்லை, சாப்பாடில்லை. கடைசியில் 'கடல் பயம்' என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்து, மூன்று வாரங்களுக்கு முன் மையத்தில் வைத்தியம் செய்துகொண்டான். பயம் போய்விட்டது. விடுப்பு முடிந்து வரும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்.

அவனுக்குச் சாப்பாடு போட்டாள். செல்வின் ஒரு வாய் சாப்பிட்டான்.

"குழம்பு நல்லாருக்கு பியூலா."

பிறகு அதே வாய், உதடு சரியாகத் திறக்காமல், தாழ்ந்த குரலில் சொன்னது: "உப்பு இல்ல. சொன்னா மூஞ்சியத் தூக்குவா."

முதல் வாரத்தில் அவள் இதற்குச் சிரித்தாள். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தாள். இரண்டாம் வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் முகத்தில் கிண்டல் இல்லை. சொன்னதே அவனுக்குத் தெரியவில்லை.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"குழம்பு நல்லாருக்குன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணும் சொல்லலியே."

குனிந்து சாப்பிட்டான். தட்டைப் பார்த்தபடியே அந்தத் தாழ்ந்த குரல் தொடர்ந்தது. "இப்ப பயமில்ல. இன்னைக்கும் சொல்லுவா. சொன்னாலும் பயமில்ல."

பியூலா கரண்டியைக் கீழே வைத்தாள். எதைச் சொல்லுவாள்? கேட்டால், அப்படிச் சொன்னதே அவனுக்குத் தெரியாது. எதிரொலி திரும்பி வரவில்லை என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகப் புரிந்தது. நினைப்பு வாய்வழியே வெளியே வருகிறது. அது அவன் காதில் விழத்தான் செய்யும். ஆனால் மனசு அதை நினைப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. இந்த வாயோடு திங்கட்கிழமை படகில் ஏறி வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தால், பக்கத்துப் படகுக்காரனைப் பற்றி நினைப்பதெல்லாம் துறைமுகம் முழுக்கக் கேட்கும். வேலை போகும். அதைவிட, ஊர் அவனைப் பைத்தியம் என்று சொல்லும். அதை அவளால் தாங்க முடியாது.

மறுநாள் காலை மையத்துக்குப் போனதும் செல்வினின் பதிவேட்டைத் திறந்தாள். முன்னும் பின்னும் ஒன்றே என்றுதான் இருந்தது. கோளாறு உள்நோக்கியில் இல்லை என்றால் சோதனையில் இருக்க வேண்டும். சோதனையின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அதை எழுதியவள் அவள்தான், பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில்.

மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். எதிரொலியின் 'முன்' அளவை எடுத்துக் கொடுப்பது உள்நோக்கியேதான். அது எப்போது எடுக்கிறது? நுழைந்த பிறகு. நுழைகிற அந்த வினாடியிலேயே, கட்டளை எதுவும் இல்லாமலே, எதிரொலி ஒரு படி இறங்கிவிடுகிறது. இறங்கிய அளவைத்தான் 'முன்' என்று குறித்துக்கொள்கிறது. வெளியேறும்போது அதே இறங்கிய அளவில் விட்டுவிட்டு வருகிறது. இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும்! அழுக்குக் கையைக் குடத்துக்குள் விட்ட பிறகு தண்ணீர் எப்படி இருந்தது என்று பார்த்த கதை. ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஒரு படி போகிறது. அது போனதாக எங்கேயும் பதிவு இல்லை.

அவள் நேராக மேலாளர் அறைக்குப் போனாள். இப்படிப் போவது அங்கு வழக்கமில்லை. சங்கரநயினார் ஆச்சரியத்தோடு ஹெட்போனைக் கழற்றினார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நல்லாப் பாத்திருக்கீங்க மேடம். ரொம்ப முக்கியமான விசயம். திங்கட்கிழமை கூட்டம் போட்டுப் பேசிருவோம்" என்றார். அவர் புன்னகை மாறவே இல்லை. அந்தப் புன்னகைக்கு நடுவிலிருந்து, தாழ்ந்த குரல் வந்தது: "கையெழுத்தப் போட்டுட்டுப் போனா என்ன இந்தம்மா. மெசினெல்லாம் லாரில ஏத்தியாச்சு. எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு நாலு மாசம் இருக்கு."

"சார்?"

"சொல்லுங்க மேடம்."

அவள் வெளியே வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று, கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் காதுக்கு வைக்கப் போனவள், வைக்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாகக் கூடத்தின் இரைச்சலைக் கேட்டாள்.

அது இயந்திர இரைச்சல் இல்லை. நாற்பது பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கண் திரையில், விரல் விசையில், உதடு மட்டும் தானாக அசைந்தது. ஒருவர் தன் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் இருந்தவர், வயிற்றில் கட்டி இருப்பதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் எப்போதாவது ஒருநாள் சோதனை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான்.

பியூலா கையெழுத்துப் போடவில்லை. தானும் இப்படித்தானோ என்ற நினைப்பு அப்போதே வந்தது. வந்ததைத் தள்ளி வைத்தாள். அவள் தலைக்குள் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. அப்படித்தான் அவள் நம்பினாள். முதலில் செல்வின்.

சனிக்கிழமை மையத்துக்கு விடுமுறை. முற்பகலில் அவனை அழைத்துக்கொண்டு வந்தாள். செவிமுனையோடு சம்பந்தமே இல்லாத ஒரு பழைய ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தாள். உள்நோக்கியை இனி உள்நோக்கியிடமே கேட்டுச் சரிபார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"பத்து நிமிசம் சும்மா உக்காருங்க. ஒண்ணும் பேசாதீங்க."

உட்கார்ந்தான். பிறகு தன் குரலைத் தானே கேட்டான். படகு, சம்பளப் பிடித்தம், நாற்காலியின் உறுத்தல், 'இவ எதுக்கு இப்படி முழிக்கா' என்று எல்லாம் அதில் இருந்தது. முடிவதற்குள் அவன் முகம் சிவந்துவிட்டது.

"இதெல்லாம் நானா சொன்னேன்?"

"நீங்கதான். வெக்கப்படாதீங்க. இது எங்க தப்பு. என் தப்பு."

அவன் ஒரே முறை வைத்தியம் செய்துகொண்டவன். போனது ஒரு படி. சரிசெய்ய மறுபடி நுழைந்தால் இன்னொன்று போகும். ஆக இரண்டு படி ஏற்ற வேண்டும். அவள் கட்டளையை எழுதினாள்: நுழை, எதிரொலி இரண்டு ஏற்று, வெளியேறு. செல்வின் கண்ணைச் சிமிட்டினான். மறுபடி பத்து நிமிடம் பதிவு செய்தார்கள். கேட்டுப் பார்த்தபோது குளிர்சாதனத்தின் சத்தமும் அவன் ஒருமுறை இருமியதும் தவிர வேறொன்றும் இல்லை.

பியூலாவுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "சரியாயிட்டீங்க" என்றாள். "இப்ப என்னையும் ஒருக்கா பதிவு பண்ணுங்க."

"வேண்டாம் பியூலா."

அவன் அதைச் சொன்ன வேகம் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"ஏன்?"

"வேண்டாம்னா விடேன். வீட்டுக்குப் போவோம்."

"நான் ஐயாயிரம் தடவை உக்காந்தவ. பாக்காம எப்படி விடுறது?"

அவளே கருவியை முடுக்கிவிட்டு உட்கார்ந்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதாகத்தான் அவளுக்கு நினைவு. ஜாக்கிரதையாக அற்ப விஷயங்களை மட்டும் நினைத்தாள். பத்து நிமிடம் முடிந்ததும் கருவியை ஓடவிட்டாள்.

முதல் வினாடியிலேயே அவள் குரல் தொடங்கியது. தாழ்ந்து, இடைவிடாமல், ஜெபம் சொல்வதுபோல் ஓடியது.

"உளுந்து தீந்துபோச்சு. மாடித் துணிய எடுக்கணும். வாய் மூடித்தான் இருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல. இவரு ஏன் வேண்டாம்னாரு. அதை நினைக்கக் கூடாது. அன்னைக்கு போன் வந்துச்சு. இவரு படகுல ஒரு ஆள் செத்துட்டாரு, யாருன்னு தெரியலன்னாங்க. செத்தது இவரா இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சேன். ஆண்டவரே, ஒரே நிமிசம் நினைச்சேன். இவரா இருக்கட்டும்னு நினைச்சேன். இவருக்குத் தெரியக் கூடாது. சாகுற வரைக்கும் தெரியக் கூடாது. உளுந்து தீந்துபோச்சு..."

செல்வின் கையை நீட்டிக் கருவியை அணைத்தான்.

விபத்து நடந்த அந்த மாதம் முழுக்க அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. போன் வந்தபோது அந்த ஒரு நினைப்பு வந்தது, போனது. நாற்பது நிமிடம் கழித்து அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் தரையில் விழுந்து அழுதாள். அதன்பின் இரண்டு ஆண்டுகளாக அந்த நினைப்பை யாருக்கும் காட்டாமல் உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது தெரியும்" என்றான் செல்வின்.

"எப்படி?"

"ரெண்டு வருசமா சொல்லுதியே. பாத்திரம் கழுவும்போது சொல்லுவ. துணி மடிக்கும்போது சொல்லுவ. அதுக்கு முன்னாடியும் உளுந்து, துணின்னு முணுமுணுப்ப, பழக்கம்னு விட்டுட்டேன். இதை முதல்ல வேணும்னே என் காதுல போடுதன்னு நினைச்சேன். அப்புறம்தான் உனக்கே தெரியலன்னு புரிஞ்சிது."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள வாயில துணியக் கட்டிக்கிட்டுல்லா திரிவ. பாவமா இருந்துச்சு."

"கடல் பயம்னு எழுதிக் கொடுத்தீங்களே..."

"கடல்ல எனக்கென்ன பயம்" என்றான். "படகுல இருக்கப்ப நல்லாத்தான் இருக்கும். இறங்கி வீட்டுக்கு வாரதுக்குத்தான் கால் நடுங்கும். அதை எப்படி விண்ணப்பத்துல எழுத முடியும்?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மன்னித்துவிட்டானா, பயத்தோடு சேர்த்து வேறெதுவும் அவனிடமிருந்து போய்விட்டதா, இனி அவளோடு இருப்பானா என்று அவன் உதடுகளையே பார்த்தாள். நேற்று வரைக்கும் அங்கே எல்லாம் தானாக வந்து விழுந்துகொண்டிருந்தது. இப்போது அவை ஒழுங்காக மூடியிருந்தன. இரண்டு படி ஏற்றியவள் அவள்தான். அவனுக்கு இனி ஒன்றுமில்லை. அவளுக்கு எத்தனை படி ஏற்ற வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. அவள் முதல் முதலாக நாற்காலியில் உட்காருமுன் எப்படி இருந்தாள் என்று எங்கேயும் குறித்து வைக்கவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டும். அது ஒரே ஒரு நிமிட நினைப்பு, மற்றதெல்லாம் உங்கள்மேல் உயிராக இருந்த நினைப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னாளா, சொல்ல நினைத்தாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை. அதிர்கிறதா என்று தொண்டையில் கையை வைத்துப் பார்த்தாள். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"நான் இப்ப ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டாள்.

செல்வின் அணைந்திருந்த கருவியைப் பார்த்தான். "இல்லையே" என்றான். பிறகு எழுந்து, வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினான். அது உண்மையா என்று காட்ட அவன் உதடுகள் அதற்கு மேல் அசையவில்லை.