ஈய வெள்ளை

முகம் துடைத்த துண்டில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஆக்னஸ் பவுடர் போட்டு மூன்று நாளாகியிருந்தது.

அந்த மூன்று நாளும் பேகம்பேட் ஐ.டி. அலுவலகத்தில் அவளுக்கு ஒரே வேலை. ஐரோப்பிய அழகுசாதன நிறுவனம் ஒன்றின் வலைத்தளத்துக்காக, நானூறு வருடத்துக்கு முந்தைய சீமாட்டிகளின் ஓவியங்களைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்ய வேண்டும். ஈய வெள்ளையை வினிகரில் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டார்கள், அது தோலை அரித்தது, அரித்ததை மறைக்க இன்னும் தடிமனாக அப்பினார்கள் என்று கூட வந்த குறிப்பில் இருந்தது. கறுப்பு என்று மூன்று மாப்பிள்ளை வீட்டார் ஆக்னஸை வேண்டாமென்றிருந்தார்கள். 'இதில் பாதி வெளுப்பு போதும், என்ன ஆனாலும் சரி' என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

மறுநாள் அக்கா ஸ்டெல்லா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏட்டி, என்னத்தத் தேச்ச? பளிச்சுன்னு இருக்கே!"

"ஒண்ணும் தேய்க்கலக்கா."

"ஞாயித்துக்கெழம வாற மாப்ள வீட்டுக்காரங்க மயங்கிருவாங்க, பாரு."

வெள்ளிக்கிழமை, குஷாய்குடா வீட்டின் ஜன்னலில்லாத குளியலறையில், ஈரச் சுவரின் பாசி வாடைக்கும் சோப்பு மணத்துக்கும் அடியிலிருந்து வினிகரின் புளித்த நெடி மெல்ல எழுந்து வந்து மூக்கை எரித்தது. அது குழாயிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ வரவில்லை, தன் கன்னத்திலிருந்தே வருகிறது என்று அவளுக்குப் புரிய வெகுநேரமாயிற்று. கன்னத்தைத் தொட்டாள். விரல் பட்டது தெரியவில்லை.

சனிக்கிழமை கடைவாய்ப் பல் ஒன்று சோற்றோடு வந்தது.

ஞாயிறு மத்தியானம் கதவைத் தாழிட்டு நகத்தால் சுரண்டினாள். வெள்ளை உதிர்ந்தது. அடியிலும் வெள்ளை. தேங்காய் நாரால் தேய்த்தாள். பிறகு கத்தி. கறுப்பாக ஒரு பொட்டு தெரிந்தால் போதும். ஆண்டவரே, ஒரே ஒரு பொட்டு. ரத்தம்கூட வரவில்லை.

"அக்கா, எனக்கு என் மொகம் வேணும்க்கா!"

"அழாதட்டி, கண்ணு வீங்கிரும். அவங்க வந்தாச்சு, வெளிய வா."

காபித் தட்டோடு ஹாலுக்கு வந்தாள். யாராவது அலறுவார்கள் என்று நம்பினாள். அலறட்டும். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டோவ விட நேர்ல நல்ல கலரு."

ஆக்னஸ் பேச வாயெடுத்தாள். இடது கன்னம் பிளந்தது. ஓடு போல ஒரு துண்டு தட்டில் விழுந்தது. அந்த இடத்தில் சதையில்லை. எலும்பில்லை. வெறும் இருட்டு.

அந்த அம்மா நிதானமாக எழுந்து வந்தார். துண்டை எடுத்தார். இருந்த இடத்திலேயே பொருத்தி, கட்டைவிரலால் அழுத்தினார்.

"சிரிக்காத கண்ணு. பேசாத. போகப் போகப் பழகிரும்."

அவர் உதட்டோரத்திலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கழுத்துவரை இறங்கிக்கொண்டிருந்தது.