புதன்கிழமைச் சக்கரங்கள்

அந்தச் சக்கரங்கள் ஏன் சிறுத்துப்போயின என்பது கடிகாரம் பழுது பார்க்கும் அக்காவுக்கு ஆறு வாரமாகப் பிடிபடவில்லை.

பல்கலைக்கழகம் தன் பின்வாசலைத் தெருவுக்குத் திறந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. புதன்தோறும் நாலு மணிக்குத் தெருக்காரர்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோவார்கள். ஆய்வக உதவியாளர் நுண்ணோக்கியைச் சரிசெய்து தர, பார்த்ததை நோட்டில் வட்டம் போட்டு வரைவார்கள்.

முதல் வாரம் அக்கா பார்த்த உயிரின் தலையில் இரண்டு சக்கரங்கள் சுழன்றன. அவை சக்கரங்களே அல்ல, அலை அலையாக அசையும் மயிரிழைகள்தான் அப்படித் தெரிகின்றன என்று விரிவுரையாளர் அம்மா விளக்கினார். பள்ளியோடு படிப்பை நிறுத்திய அக்கா அன்று தூங்கவில்லை. ஒவ்வொரு புதனுக்கும் நாள் எண்ணினாள்.

நாலாவது வாரம் அதே உயிர் கடுகளவாகிவிட்டது. கண் கெட்டுப்போகிறது என்று பயந்தாள். கண்தான் அவள் பிழைப்பு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒன்பதாவது வாரம் வியாழன், காலை 9.05. வகுப்புக்கு வந்த மாணவர்கள் நுண்ணோக்கியில் நாற்பது மடங்கு பெரிதாக்கும் வில்லையைக் காணோம் என்றார்கள். நுண்ணோக்கியை வைத்துப் பூட்டும் பீரோவின் பூட்டு உடைபடாமல் அப்படியே இருந்தது.

காலை 11.00. பதிவாளர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். முந்தின மாலை கடைசியாகக் கிளம்பியவள் அவள்தான்.

"நுணுக்கமான சாமானைக் கழட்டுறது உங்களுக்குக் கைவந்த வேலை, இல்லையா?"

"இதுக்கு நுணுக்கம் வேணாம் சார். ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி திருகினா வந்துடும்."

மாலைக்குள் வில்லை வராவிட்டால் பின்வாசலுக்கு நிரந்தரப் பூட்டு என்றார் பதிவாளர். ஒருமுறை நுண்ணோக்கியைப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டாள்.

பதிவாளரோடு ஆய்வகத்துக்குப் போனாள். வில்லைகள் பொருந்தும் சுழல்தட்டில் நான்கு துளைகள். காலியாக இருந்த நான்காவதில், தூசி புகாதபடி ஒரு கறுப்பு மூடி. எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் மூடிவிட்டா போவான்?

"இந்த மூடியெல்லாம் எங்கம்மா இருக்கும்?"

"அண்ணனோட மேஜை டிராயர்ல," என்றார் விரிவுரையாளர். அந்த அண்ணன், ஆய்வக உதவியாளர், சுவரோரம் நின்று ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். பேருந்து தாமதம், இன்று வர 9.20 ஆகிவிட்டது என்று கேட்காமலே சொன்னார்.

எல்லாரும் படம் வரையும் பொது நோட்டை அக்கா புரட்டினாள். முதல் மூன்று வாரம் எல்லார் வட்டமும் நிறைந்து வழிந்தது. நாலாவது வாரத்திலிருந்து அவள் படம் மட்டுமல்ல, தையற்காரர் படம், பேக்கரிக்காரர் மனைவி படம், எல்லாமே கடுகு. அவள் நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்திருந்தாள். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

"சார், வில்லை நேத்து தொலையல. ஆறு புதனா நாங்க வர்றதுக்கு முன்னாடியே இல்ல. பத்து மடங்குலதான் பார்த்திருக்கோம். புதன் மூணரைக்கு இந்த நுண்ணோக்கியை எடுத்து வைக்கிறவர் ஒருத்தர்தான். வியாழன் காலையில வகுப்புக்கு முன்னாடி திரும்ப மாட்டிடுவார். இன்னைக்கு பஸ் லேட். அதுக்குள்ள திருட்டுன்னு பேச்சு கிளம்பிடுச்சு, வாயத் திறக்க முடியல. இல்லையாண்ணே?"

உதவியாளர் சட்டைப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய வில்லையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தொலைஞ்சா என் தலைதானே உருளும்."

"நாங்க என்னண்ணே பண்ணினோம்?"

"ஒண்ணும் பண்ணலம்மா. மூணு வாரத்துல கூட்டம் கூடிடுச்சு, புது ஆளுங்கன்னு ஒரு பயம்." அவர் தலை நிமிரவில்லை.

பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அக்கா வில்லையைத் திருகி மாட்டி, நேற்று மிஞ்சிய தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துக் குனிந்தாள். வட்டம் நிறைய இரண்டு சக்கரங்கள். ஆறு வாரம் போனது போனதுதான்.

"இனிமே என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க," என்றார் பதிவாளர்.

அவள் சொன்னதைத்தான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினார்கள்: புதன் மூன்றரைக்கு உதவியாளரும் தெருவிலிருந்து ஒருவரும் நான்கு வில்லைகளையும் சேர்ந்து பார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும், எல்லாம் முடிந்து ஆறு மணிக்கு மறுபடியும். எதையும் கழற்றக் கூடாது.